வீடுவரை வந்த தாதி

முதியவர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பினால், ஆபத்து நீங்கிற்றென்று உறவினர் ஆறுதலடைவர். தளர்ந்த இருதயத்துக்கோ சோதனைக் காலம் அன்றுதான் ஆரம்பமாகின்றது. பழைய மாத்திரையும் புதியதும் கலந்துவிடும், கறியிலே உப்பு மீண்டும் ஏறும், கால் வீங்கும், சில வாரங்களில் மறுபடியும் வைத்தியசாலைக் கட்டில்.

தாதியாகத் தொழில் தொடங்கி, கலாநிதிப் பட்டம் பெற்று, அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியையாக இருந்து இக்குறையை ஆராய்ந்தவர் மேரி நெய்லர். வைத்தியசாலையிற் கவனித்த உயர்பயிற்சித் தாதியே வீட்டுக்கும் சென்று மூன்று மாதம் நோயாளியைக் கவனிக்க வேண்டுமென்பது அவர் வகுத்த முறை.

இத்தகைய நோயாளரைத் தினமும் காலையில் நிறை பார்க்கப் பழக்குவது தாதியர் வழக்கம். தராசில் ஏறுவதும் ஒரு வைத்தியமா எனச் சிலர் நகைக்கலாம். இரண்டொரு நாளில் நிறை திடீரெனக் கூடினால், அது பெரும்பாலும் கொழுப்பன்று. உடலிலே தேங்கும் நீர். மூச்சுத் திணறுமுன்னரே தராசு அதனைச் சொல்லிவிடக்கூடும்.

பிலடெல்பியா நகரின் ஆறு வைத்தியசாலைகளில், 65 வயதும் அதற்கு மேலுமான 239 இருதய நோயாளரிடம் நெய்லரின் முறை சோதிக்கப்பட்டது. முடிவு 2004இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குள், தாதி வீடு சென்று கவனித்த குழுவினர் 104 தடவைகள் மீண்டும் வைத்தியசாலை சேர்ந்தனர். மற்றைக் குழுவினர் 162 தடவைகள். செலவும் குறைந்தது. வாழ்க்கைத் தரத்திற் கண்ட முன்னேற்றம் மாத்திரம் நெடுங்காலம் நிலைக்கவில்லை; மூன்று மாதத்தோடு தாதியின் வருகையும் நின்றிருந்தது.