டேப்பட் சத்தம் போடட்டும்

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர் முதல் வாரத்திலேயே மெக்கானிக்கிடம் போய் நிற்பார். "அண்ணே, எஞ்சின்ல டிக் டிக்னு ஒரு சத்தம் வருது. இது இருக்கலாமா?" கை தேர்ந்த மெக்கானிக் உடனே பதில் சொல்லமாட்டார். வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்வார். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கி விடுவார். கிளட்சைப் பிடித்து ஒரு முறை கேட்பார், விட்டு ஒரு முறை கேட்பார். "ஒண்ணும் இல்ல தம்பி, ஓட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். அந்த அரை நிமிடத்தில் அவர் காது பார்த்தது முழுக்க முழுக்க இயற்பியல் வேலை.

எஞ்சின் சத்தம் போட்டால் எங்கோ தேய்ந்துவிட்டது என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் பழைய எஞ்சினில் கேட்கும் சத்தங்களில் பல, அதைச் செய்தவர்களே வேண்டுமென்று விட்டுவைத்த இடைவெளிகளிலிருந்து வருகின்றன. அந்த இடைவெளி இல்லாவிட்டால் எஞ்சின் பிழைக்காது.

முதலில் எல்லோருக்கும் பிடித்த அந்த 'டுப் டுப்'பைப் பார்த்துவிடலாம். புல்லட் 350-ன் சிலிண்டர் குறுக்களவு 70 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 90 மி.மீ. கொள்ளளவு 346 சிசி. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1940-களின் இறுதியில் உருவான வடிவம் இது. 1955-ல் அதன் தயாரிப்பாளர் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டு சேர்ந்ததும் இந்தியத் தயாரிப்பாகி, திருவொற்றியூர் ஆலையில் வேரூன்றி, அடிப்படை மாறாமல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தயாரானது. நீளமான ஸ்ட்ரோக், உள்ளே கனமான ஃப்ளைவீல். அதனால் மிகவும் நிதானமாக ஐடிலிங்கில் நிற்கும். நிமிடத்துக்கு 1,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் பெட்ரோல் எரியும். அப்படியானால் நிமிடத்துக்கு 500 வெடிப்பு, நொடிக்கு எட்டு.

மனிதக் காது ஒரு துடிப்பைத் தொடர்ச்சியான ஒலியாக உணரத் தொடங்குவது நொடிக்கு இருபதை ஒட்டித்தான். அதற்குக் கீழே இருந்தால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். நிற்கும் புல்லட் 'டுப் டுப்' என்று எண்ணி எண்ணி அடிப்பதற்கும், வேகம் பிடித்ததும் அதே வண்டி 'டர்ர்ர்' என்று ஒரே இழையாக முழங்குவதற்கும் இடையில் எஞ்சினில் எதுவும் மாறிவிடுவதில்லை. 2,400 சுற்றைத் தாண்டியதும் வெடிப்பு நொடிக்கு இருபதைக் கடக்கிறது. அங்கே நம் காதுதான் அடிகளை எண்ணுவதை விட்டுவிட்டு சுருதியைக் கேட்க ஆரம்பிக்கிறது.

இனி அந்த 'டிக் டிக்'. சிலிண்டர் ஹெட்டில் இரண்டு வால்வுகள். அவற்றைத் திறக்கும் கேம் கீழே கிராங்க் கேஸில் சுழல்கிறது. கேம் டேப்பட்டைத் தள்ள, டேப்பட் புஷ் ராடைத் தள்ள, புஷ் ராடு மேலே ராக்கரை அசைக்க, ராக்கர் வால்வை அமுக்குகிறது. இத்தனை பேர் கை மாறும் இந்த வரிசையில் எங்காவது ஒரு துளி தளர்வு இருந்தே ஆகவேண்டும். எஞ்சின் சூடாகும்போது வால்வுத் தண்டு நீளும், புஷ் ராடு நீளும், பிளாக்கும் உயரும். எல்லாம் ஒரே அளவில் நீள்வதில்லை. தளர்வே இல்லாமல் இறுக்கி வைத்துவிட்டால், சூடேறியதும் வால்வு முழுதாக மூடாமல் நூலிழை திறந்தே நிற்கும்.

அப்படி நின்றால் என்ன ஆகும்? எக்ஸாஸ்ட் வால்வு எரியும் வாயுவிலேயே குளிப்பது. தன் சூட்டின் பெரும்பகுதியை அது இறக்கி வைப்பது, மூடியிருக்கும் நேரத்தில் தன் சீட்டோடு ஒட்டி உட்காரும் விளிம்பு வழியாகத்தான். ஒட்டி உட்காராத வால்வுக்குச் சூட்டை இறக்க வழியில்லை. போதாததற்கு அந்த இடுக்கு வழியே தீயும் பீறிடும். கொஞ்ச நாளில் விளிம்பு கருகிப் பிளந்துவிடும். இத்தனையும் நடக்கும்போது வெளியே சத்தமே கேட்காது. டேப்பட் இறுகிய எஞ்சின் வழக்கத்தைவிட அமைதியாகவே ஓடும். அதனால்தான் சொல்கிறேன், மெல்ல டிக்கடிக்கும் டேப்பட்டைவிட, திடீரென்று மௌனமாகிப்போன டேப்பட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். 'சத்தமே வரக்கூடாது' என்று மெக்கானிக்கை நெருக்கி டேப்பட்டை இறுக்கச் சொல்பவர், தன் வால்வைத் தானே எரிக்கிறார்.

அதற்காக எவ்வளவு சத்தம் வந்தாலும் சரி என்று விட்டுவிடவும் முடியாது. கேமின் மேடு சட்டென்று எழுவதில்லை. முதலில் ஒரு சின்னச் சரிவு, அதன் பிறகுதான் ஏற்றம். அந்தச் சரிவில் இடைவெளி மெதுவாக மூடிக்கொள்ளும். அப்போது எழும் ஒலி மெலிதாக இருக்கும். இடைவெளி அளவு மீறினால் சரிவைத் தாண்டி, வேகமெடுத்த ஏற்றத்தில் போய் உலோகம் மோதும். 'டிக்' அங்கே 'டக்' ஆகும். வார்ப்பிரும்பு புல்லட்டில் இதைச் சரிபார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிற்க வேண்டும். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள சிறிய மூடியைக் கழற்றினால் புஷ் ராடு இரண்டும் தெரியும். விரலால் உருட்டினால் தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. சுழலாவிட்டால் இறுக்கம், ஆடினால் தளர்வு.

இன்னொரு சத்தம் காலையில் முதல் கிக்கில் மட்டும் வரும். 'டொக் டொக்' என்று கொஞ்சம் வெறுமையாக ஒலித்து, ஐந்து நிமிடத்தில் மெல்லக் கரைந்துவிடும். இது பிஸ்டன் சிலிண்டர் சுவரில் சாய்ந்து தட்டுவது. கனெக்டிங் ராடு சாய்வாகத் தள்ளுவதால் பிஸ்டன் எப்போதும் ஒரு பக்கச் சுவரில் அழுந்தியே போகும். உச்சியைத் தாண்டும்போது அடுத்த பக்கத்துக்கு மாறும். அந்த மாற்றத்தில் வருவதுதான் தட்டல்.

ஏன் இடைவெளியை இன்னும் குறைத்துச் செய்யக்கூடாது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிஸ்டன் அலுமினியக் கலவை, பிளாக் வார்ப்பிரும்பு. அலுமினியம் சூட்டில் விரிவது இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 70 மி.மீ. குறுக்களவில் இரண்டும் 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால் பிஸ்டன் சுமார் 0.16 மி.மீ. விரியும், சிலிண்டர் 0.08 மி.மீ.தான் விரியும். வித்தியாசம் 0.08 மி.மீ., ஒரு தலைமுடியின் தடிமன். உண்மையில் பிஸ்டன் பிளாக்கைவிட இன்னும் அதிகமாகச் சுடும். ஆறிய நிலையில் அந்த இடம் விட்டுவைக்கப்படாவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் சிலிண்டர் சுவரைப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் உறைந்து நிற்கும்.

பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் அது வட்டமான உருளை என்றே நினைப்பார்கள். மைக்ரோமீட்டர் வைத்து அளந்தால் வட்டம் இல்லை, லேசான முட்டை வடிவம் என்று தெரியும். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் 'பின்' (pin) போகும் திசையில் உலோகம் அதிகம் இருப்பதால் அங்கே விரிவும் அதிகம். எனவே அந்தத் திசையில் குறுக்களவைக் குறைத்துக் கடைகிறார்கள். தலைப்பகுதி தீயைத் தொடுவதால் அங்கேயும் அளவு குறைவு. ஆறிக் கிடக்கும்போது கோணலாக இருந்து, வேலை செய்யும் சூட்டில் சரியான வடிவத்துக்கு வந்து சேரும்படி கணக்கிட்டுச் செய்யப்பட்ட பொருள் அது. காலை நேர 'டொக் டொக்' என்பது பிஸ்டன் தன் வடிவத்தை எட்டும் வரைக்குமான ஒலி. ஸ்டார்ட் பண்ணியவுடன் முறுக்காமல் இரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டச் சொல்வதற்குக் காரணமும் இதுதான்.

ஐடிலிங்கில் இடதுபக்கக் கவருக்குள்ளிருந்து வரும் 'சல சல'ப்பு பிரைமரி செயினுடையது. ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் கிராங்க் சீராகச் சுழல்வதில்லை. வெடிக்கும்போது துள்ளி ஓடும், கம்ப்ரஷனில் மூச்சுத் திணறி மந்தமாகும். செயின் நொடிக்கு எட்டு முறை இழுபட்டுத் தளர்கிறது. ஆக்ஸிலேட்டரைச் சற்று முறுக்கியதும் சுழற்சி சீராகி, சலசலப்பு அடங்கினால் கவலையில்லை. கிளட்சைப் பிடித்ததும் மாறும் சத்தம் என்றால் கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம் தேட வேண்டும். மெக்கானிக் ஆரம்பத்தில் கிளட்சைத் தொட்டது இதற்குத்தான். ஹெட்டும் பெண்ட் பைப்பும் சேரும் இடத்தில் கேஸ் கசிந்தாலும் அச்சு அசல் டேப்பட் போலவே டிக்கடிக்கும். அங்கே கரி படிந்திருக்கிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வண்டியை நிறுத்திய பிறகு 'டிங்... டிங்' என்று வருவது, சைலன்சர் பைப் ஆறிச் சுருங்கும்போது இணைப்புகள் துளித் துளியாக நழுவும் ஒலி. அதற்கு வைத்தியம் தேவையில்லை.

இதே உள்சத்தங்கள் புது வண்டியிலும் உண்டு. அவை நம் காதுக்கு வருவதில்லை, அவ்வளவுதான். தண்ணீரால் குளிரும் எஞ்சினில் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர் ஒலியை விழுங்குகிறது. காற்றால் குளிரும் எஞ்சினில் மெல்லிய ஃபின்கள் ஒவ்வொன்றும் அதிர்ந்து ஒலியைப் பெருக்கிக் காற்றில் இறைக்கின்றன. பல கம்பெனிகள் ஃபின்களுக்கு நடுவே ரப்பர் துண்டுகளைச் செருகுவது அந்த அதிர்வை அடக்கத்தான். 2000-களின் இறுதியில் புல்லட் குடும்பத்துக்கு வந்த யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் எஞ்சினில் ஹைட்ராலிக் டேப்பட் இருக்கிறது. அதில் அந்த இடைவெளியை எண்ணெயே நிரப்பிக்கொள்கிறது. டேப்பட் செட்டிங் என்ற வேலையே அதில் இல்லாமல் போயிற்று.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவர் போதும். நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக் கேட்க வேண்டும். ஒலி உலோகத்திலிருந்து காற்றுக்குத் தாவும்போது பெரும்பங்கு திரும்பிப் போய்விடும். எஃகிலிருந்து எலும்புக்கு நேராகச் செல்லும்போது அந்த இழப்பு மிகக் குறைவு. நுனியை ராக்கர் பாக்ஸிலிருந்து பிளாக்குக்கு நகர்த்தும்போதே சத்தம் உயர்ந்து தாழ்வதை யாரும் உணரலாம். சுழலும் பாகங்களுக்கு அருகில் மட்டும் கொண்டுபோக வேண்டாம்.

தாளத்தையும் கவனியுங்கள். கேம், கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால் ஒரு வால்வு ஒரு 'டுப்'புக்கு ஒரு முறைதான் அடிக்கும். கிராங்க் பக்கத்துச் சத்தமோ ஒவ்வொரு சுற்றுக்கும் எழக்கூடும். சூட்டையும் கவனியுங்கள். பிஸ்டன் தட்டல் சூடாகச் சூடாகக் குறையும். கனெக்டிங் ராடின் பிக் எண்டு தேய்ந்திருந்தால் கதை நேர் எதிர்: சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போக, அடிவயிற்றிலிருந்து வரும் கனமான தட்டல் கூடிக்கொண்டே போகும். ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடிக்கும் அந்தக் கணத்தில் அது தெளிவாகக் கேட்கும். ஏற்றத்தில் டாப் கியரில் முறுக்கும்போது மட்டும் 'கிலு கிலு' என்று வந்தால், பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் ஓரத்தில் தானாக வெடிக்கிறது என்று பொருள். கியரைக் குறையுங்கள், அன்றைக்கே டைமிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் வண்டி நன்றாக இருக்கும்போதே அதன் சத்தத்தைக் கேட்டுப் பழகுங்கள்; காலையில் ஒரு முறை, சூடான பிறகு ஒரு முறை. நேற்று இல்லாத சத்தம் இன்றைக்கு வந்தால் முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள். பிக் எண்டு தட்டுகிறதோ என்று சந்தேகம் வந்துவிட்டால் எஞ்சினை அங்கேயே அணைத்துவிடுங்கள். வீடு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் ஓட்டாதீர்கள். ஒரு குட்டியானையைப் பிடித்து வண்டியை ஏற்றிக்கொண்டு போங்கள்.