ஒத்தடப் பைக்குள் இருப்பது என்ன?

தோட்டத்தில் யூரியாவை வாளி நீரில் கரைத்தவர்கள் அறிவார்கள்: உரம் கரையக் கரைய வாளி சில்லிட்டுப்போகும். மருந்துக்கடைகளில் கிடைக்கும் உடனடிக் குளிர் பையில் நிகழ்வதும் அதுவே. பைக்குள் யூரியா அல்லது அம்மோனியம் நைட்ரேட் மணிகளும், தனி உறையில் நீரும் இருக்கும். உறையை அழுத்தி உடைத்ததும் மணிகள் கரைகின்றன. கரைவதற்கு வேண்டிய வெப்பத்தை அந்நீரிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. ஒருமுறை பயன்படுத்தினால் அதன் ஆயுள் முடிந்துவிடும்.

வெப்பப் பைகளில் சில, கால்சியம் குளோரைடு கரையும்போது வெளிப்படும் வெப்பத்தால் சூடாகின்றன. சிறு உலோகத் தகட்டைச் சொடுக்கியதும் உறைபவை சோடியம் அசிட்டேட் பைகள். இவை 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கொதிநீரில் இட்டு இளக்கினால் மீண்டும் பயன்படும்.

அம்மோனியம் நைட்ரேட் என்றதும் 2020 ஆகஸ்ட் மாதத்துப் பெய்ரூட் வெடிவிபத்து நினைவுக்கு வரலாம். அதே மாதம், கரூர் நிறுவனம் ஒன்று இறக்குமதி செய்து, 2015-இல் சுங்கத்துறை கைப்பற்றிய ஏறத்தாழ 700 டன் சரக்கு, சென்னை மணலியிலிருந்து ஐதராபாத்துக்கு அகற்றப்பட்டது. அது கிடங்குக் கணக்கு; நீர் கலந்த ஒரு சிறு பை வீட்டில் வெடிக்காது. வீட்டில் அஞ்ச வேண்டியது அதை விழுங்குவதற்கே. நைட்ரேட் உடலில் நைட்ரைட்டாக மாறினால், இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழக்கும். உதடும் நகமும் நீலமாகும். குழந்தையோ, நினைவு தடுமாறும் முதியவரோ பையைக் கடித்து உட்கொண்டிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பையின் உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள், 108-ஐ அழைக்கலாம்.

எங்களுக்குப் பெருங்கவலை வேறொன்று. நீண்டகால நீரிழிவால் பாத உணர்வு குன்றியவர்கள், எரிச்சலும் மதமதப்பும் தீர வெப்பப் பையைக் காலில் கட்டிக்கொண்டு உறங்கிவிடுகிறார்கள். 44 டிகிரி வெப்பம்கூடத் தோலில் தொடர்ந்து ஆறு மணி நேரம் படிந்தால் புண்ணாக்கும். நலமான கால் சுட்டதும் விலகும். உணர்விழந்த கால் அங்கேயே கிடக்கும். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் அப்புண் ஆறுவது கடினம். சிலருக்கு விரலையே இழக்க நேரிடும். ஆகவே இவர்கள் பாதத்துக்கு வெப்பப் பையோ குளிர் பையோ வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. எரிச்சலுக்கு மருந்துகள் உள்ளன.

உப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்த நம் பாட்டிமார்கள், முடிச்சை முதலில் தம் புறங்கையில் ஒற்றிப் பார்ப்பார்கள். பைக்கும் அது பொருந்தும். நோயாளியின் கையில் அல்ல, பராமரிப்பவர் கையில் பாருங்கள்.

தறிக்கூடத்தில் சுளுக்கிய கணுக்காலுக்கு முதல் இரு நாள்கள் குளிர் பை போதும். வீக்கம் வடியுமுன் வெப்பம் வேண்டாம். எதுவாயினும் துணியில் சுற்றி, ஒரு வேளைக்கு 15 முதல் 20 நிமிடங்கள் மட்டும் வைத்து, இடையிடையே எடுத்துத் தோலைப் பாருங்கள். வெளுத்தாலோ கொப்புளம் எழுந்தாலோ நிறுத்திவிட்டு எங்களிடம் வாருங்கள். பை கிழிந்து நீர் பட்ட இடத்தைக் குழாய் நீரில் நன்றாகக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடங்கள் கழுவிவிட்டே புறப்படுங்கள்.