யார்க்ஷயர் முதலாளி, பைராம் தோட்டத்துப் பெரட்டு: தெரியுமா?

பினாங்கு என்றதும் ஜார்ஜ்டவுனோடு நின்றுவிடுகிறவர்களே, பாலம் தாண்டித் தெற்கே நிபோங் தெபால் பக்கம் வாருங்கள்! அங்கே பைராம் தோட்டம் என்று ஒன்று உண்டு. அதே பெயரில் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஒரு மாளிகை இருந்தது தெரியுமா? ராம்ஸ்டன் குடும்பத்தின் பைராம் ஹால்! பைராம், கலிடோனியா, விக்டோரியா என்று இந்த வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களை வைத்திருந்ததும் அதே குடும்பம்தான். நாடாளுமன்ற உறுப்பினர் எட்வர்டு ஹார்ஸ்மன் 1876இல் இறந்த பிறகு, அவருடைய தோட்டத் தொழில் மைத்துனர் சர் ஜான் ராம்ஸ்டன் கைக்குப் போனது. சாதாரண மைத்துனரா? ஹடர்ஸ்ஃபீல்டு என்ற ஊரின் பெரும்பகுதி அந்தக் குடும்பச் சொத்து! 1920இல் ஊர் நகராட்சியே சுமார் 13 லட்சம் பவுன் கொடுத்துத் தன் ஊரைத் தானே விலைக்கு வாங்கியது!

முதலாளி அங்கே, கரும்பு இங்கே. எப்படி நடத்தினார்கள்? கடிதம், கணக்குப் புத்தகம், 1871 முதல் சென்னை வழியாகக் கடலடித் தந்தி. வீட்டிலிருந்தே வேலை என்பதை நாம் கொரோனாவில் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

கரும்பு போய் ரப்பர் வந்த பிறகும் ஏணி அப்படியே நின்றது. மேலே பெரிய துரை, அடுத்து சின்னத் துரை, பிறகு கணக்கெழுதும் கிராணி, வேலையை மேற்பார்க்கும் தண்டல், கங்காணி, கடைசியில் பால் வெட்டுகிறவர். இதில் கங்காணிதான் விநோதமான பதவி. ஊரில் ஆள் பிடிப்பவரும் அவரே, காட்டில் வேலை வாங்குபவரும் அவரே, பல இடங்களில் கடன் கொடுப்பவரும் அவரே! அவர் கொண்டுவந்த ஆட்களில் அன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை தலைக்கும் அவருக்குத் தலைக்காசு. காய்ச்சலில் படுத்தவரை லயத்து வீட்டிலிருந்து எழுப்பிவிட அவர் ஏன் அவ்வளவு அக்கறை காட்டினார் என்று இப்போது புரிகிறதா?

அடுத்தது இன்னும் சுவாரசியம். ஒரு தோட்டம் கப்பல் செலவு போட்டு ஆள் கொண்டுவரும், பக்கத்துத் தோட்டம் நைசாக அந்த ஆளை இழுத்துக்கொள்ளும். செலவு ஒருவருக்கு, லாபம் இன்னொருவருக்கு! 1907இல் இதற்கு ஒரு பொதுநிதி வைத்தார்கள். நீ ஆள் அழைத்து வந்தாயா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. உன் தோட்டத்தில் இந்தியத் தொழிலாளர் வேலை செய்த நாட்களுக்கு ஏற்பக் கட்டு! அந்தப் பணத்தில் எல்லோருக்குமாகக் கப்பல் ஏற்றினார்கள். சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஆனால் கூலியை யாரும் போட்டி போட்டு உயர்த்த வேண்டிய கட்டாயத்தையும் அது குறைத்தது. அதைத் துரைமார் கவனிக்காமலா இருந்திருப்பார்கள்?

விடியுமுன் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணும் பெரட்டு ஏன் தெரியுமா? கண்டிப்புக்காக மட்டுமல்ல. வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் மரம் நன்றாகப் பால் விடும்! தண்டல் பேர் கூப்பிட, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழும், அவரவர் மர நிரைக்குப் போவார்கள். பிறகு ஸ்டோரில் பால் நிறுக்கும்போது பாருங்கள்: கிராணி வாளிப் பாலில் மெட்ரோலாக் என்ற மிதவையைப் போடுவார். பாலில் தண்ணீர் கூடினால் மிதவை மேலே ஏறும், ரப்பர் கூடினால் ஆழமாக இறங்கும். வாளியில் எவ்வளவு ரப்பர் என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். யார்க்ஷயரில் இருப்பவருக்கு நிபோங் தெபால் வாளியை நம்ப வேண்டிய அவசியமே இல்லை!

ஆனாலும் ஏணி ஆடியது. 1948இல் கலிடோனியாவில் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ஜான் ராம்ஸ்டன் சுட்டுக் கொல்லப்பட்டார். 99 கதவு மாளிகை என்று இன்றும் ஊர் கதை கதையாகச் சொல்வது அந்தக் குடும்பத்து வீட்டைத்தான். 1954இல் சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றாகித் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் பிறந்தது. அதை நடத்திய பி.பி. நாராயணன் பின்னாளில் அனைத்துலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒன்றுக்கே தலைவரானார்!

எனக்கு எல்லாவற்றையும் விட வியப்பு துன் சம்பந்தன் செய்ததுதான். 1950களின் இறுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, லயத்து வீட்டையும் இழந்து தொழிலாளர் தெருவுக்கு வந்தார்கள். அமைச்சராக இருந்துகொண்டே அவர் தோட்டம் தோட்டமாகப் போனார். மாதம் 10 வெள்ளி கட்டுங்கள், 100 வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு, நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் கைக்கு வந்தது! கம்பெனியில் பங்குக்கு ஓட்டு, கூட்டுறவில் ஆளுக்கு ஓட்டு. அப்படியென்றால் காலையில் பெரட்டில் நின்று தண்டல் பேர் கூப்பிடக் காத்திருப்பவர்தான், காகிதத்தில் அந்தத் துரைக்கும் முதலாளி! பெரட்டில் மட்டும் தண்டல் அவரை முதலாளி என்று கூப்பிட்டிருக்க மாட்டார்.