தவறி விழுந்த உளி: அமெரிக்க அரை டாலரை வாசித்தல்

தன் காசுகளெல்லாம் ஒன்றுபோல இருப்பதாக ஒவ்வொரு அரசும் சொல்கிறது. இந்தப் பேச்சை நம்பாத வாசிப்பு ஒன்று உண்டு. பிலடெல்பியா நாணயசாலை 1794 முதல் 1836 வரை அடித்த வெள்ளி அரை டாலர்களை ரகம் பிரிப்பவர்களின் வாசிப்பு அது. காசுள்ளவன் பொழுதுபோக்குதானே என்று தள்ளிவிடலாம். தள்ளக்கூடாது என்பது என் கட்சி.

1807-இல் வந்த தொப்பி அணிந்த சுதந்திரதேவிக் காசையே எடுத்துக்கொள்வோம். தேவியின் தலையும் மறுபுறக் கழுகும்தான் தாய் அச்சிலிருந்து இறங்கின. நட்சத்திரம், எழுத்து, ஆண்டு எண் எல்லாம் தனித்தனிக் குத்துளி. ஒவ்வொன்றாக வைத்துச் சுத்தியலால் அடிக்கணும். கை கொஞ்சம் நகர்ந்தால் போதும், எழுத்து சாய்ந்துவிடும். அந்த ஆண்டு ஒருவர் 50 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 20 என்று அடித்துவிட்டார். அச்சைத் தூக்கிப் போடவில்லை, 2-இன் மேலேயே 5-ஐ அடித்தார்கள். லென்ஸ் வைத்துப் பாருங்க, அடியில் 2 இன்னும் தெரியும். அதே ஆண்டின் வேறொரு அச்சில் தேவியின் தாடையருகே விரிசல் ஓடியது. அதையும் விடாமல் ஓட்டினார்கள்; சேகரிப்பாளர்கள் 'தாடி வைத்த தேவி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்படி 1836 வரை 450-க்கு மேல் ரகங்கள். 1967-இல் வந்த ஆல் ஓவர்ட்டனின் நூல் முன்-பின் அச்சு இணை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தருகிறது. நட்சத்திர முனை எந்த ஓரப்பல்லைப் பார்க்கிறது, கழுகுக்கு மேலுள்ள வாசக நாடா எந்த எழுத்துக்கு நேரே முடிகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் பொருந்தினால்தான் எண்.

இவ்வளவு நுணுக்கம் எப்படித் தப்பியது? 1804-க்குப் பின் முப்பது ஆண்டுக்கு மேல் வெள்ளி டாலர் அடிக்கப்படவில்லை. பெரிய வெள்ளிக்காசு அரை டாலர்தான். வங்கிப் பைகளிலேயே கிடந்ததால் அது அதிகம் தேயவில்லை. உழைப்பவன் கையில் நிறையப் புழங்கியிருந்தால் அச்சுத் தொழிலாளியின் கைத்தடம் நமக்குக் கிடைத்திருக்காது.

இந்த வடிவத்தைச் செய்த ஜான் ரைக், ஜெர்மனியிலிருந்து ஒப்பந்த அடிமையாள்போல வந்தவர். அவர் கைதான் தேவியின் தலைப்பட்டைக்குச் 'சுதந்திரம்' என்ற சொல்லைக் கொடுத்தது. ஆண்டுக்கு 600 டாலர் சம்பளம், பத்து வருஷமாக உயரவில்லை, 1817-இல் விலகினார். அவர் காலத்து அச்சுகள் பலவற்றில் பதின்மூன்றாம் நட்சத்திரத்தின் முனையில் சிறு வெட்டு இருக்கிறது. அவருடைய ரகசியக் கையொப்பம் என்கிறார்கள். முனை உடைந்த உளியாகவும் இருக்கலாமே? எனக்கு உடைந்த உளிதான் பிடித்திருக்கிறது. கையொப்பம் என்றதும் பழையபடி ஆசிரியன் வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

அதற்காக ரகம் பிரித்தலை அப்படியே கொண்டாடவும் முடியவில்லை. அரிதென்பதற்கு 1 முதல் 8 வரை படி, தேய்மானத்துக்கு 70 வரை மதிப்பெண்: இரண்டையும் 1949-இல் செப்புச் சென்டுகளுக்காக வகுத்தவர் வில்லியம் ஷெல்டன். மனித உடல்களை மூன்று வகையாக்கி, உடலை வைத்தே குணம் சொன்ன அதே ஷெல்டன். (மாணவர்களை நிர்வாணமாக நிறுத்திப் படமெடுத்தவர்.) கைதவறல் அந்தப் படியில் ஏறியதும் விலையாகிவிடுகிறது.

1836-இல் நீராவி அச்சியந்திரம் வந்தது. எழுத்து பொறித்த விளிம்பு போய் வரிவிளிம்பு வந்தது. எழுத்தும் நட்சத்திரமும் மெல்ல மெல்லத் தாய் அச்சுக்குள் போய்ச் சேர்ந்தன. ஆண்டு எண்ணை மட்டும் அந்த நூற்றாண்டு முழுக்கவும் கையால்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள்.