இடியையும் படிக்கலாம்

கணிதப் பிரிவில் உயர்தரம் படித்தால் பொறியியல்தான் என்பது எங்கள் வாப்பாவின் எண்ணம். எனக்கோ வளிமண்டலவியலில் ஆசை. தோழியரும் பெற்றோரும் அறியவே இதை எழுதுகிறேன்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெள்ளவத்தையில் பிற்பகலானால் இடி முழங்கும். இரு பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட காலம் அது. வெயிலில் நிலம் சூடேற, கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேலெழுந்து முகிலாகிறது. முகிலினுள் பனிக்கட்டித் துணிக்கைகள் ஒன்றோடொன்று மோத, மின்னேற்றங்கள் பிரிந்து மின்னல் உண்டாகிறது.

கொழும்புப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் மின்னலை ஆராய்கின்றனர். அங்கு பயின்ற வெர்னன் குரே, சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இத்துறைப் பேராசிரியரானார். உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் கற்பவர்களுக்கு இவ்வழி திறந்தேயிருக்கிறது.

இக்கல்வி உயிரையும் காக்கும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீற்றர் செல்லும். ஆகவே, மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால், அது 10 கிலோமீற்றருக்குள் உள்ளது; உடனே கட்டடத்தினுள் செல்லவேண்டும். வயலில் நிற்கும் விவசாயிக்கும் மைதானத்தில் விளையாடும் தம்பிக்கும் இதைச் சொல்ல ஆள் வேண்டும்.

பெற்றோரே, மகள் இத்துறையை விரும்பினால், மறுக்குமுன் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். வாப்பாவிடமும் நான் கேட்பது அதுவே.