இறுகிய நட்டு இளகும் வழி

திருவண்ணாமலையிலிருந்து புதுச்சேரிக் கடற்கரை நூறு கிலோமீட்டருக்கு மேல். உப்புக் காற்று இங்கே எட்டுவதில்லை. ஆனாலும் ஊரில் ஓடும் பழைய அம்பாசிடரையோ மாருதி 800-ஐயோ தூக்கி நிறுத்திக் கீழே பாருங்கள். சைலன்சர் இணைப்பிலுள்ள நட்டும் போல்ட்டும் எது எங்கே முடிகிறது என்று தெரியாதபடி துருவேறி ஒட்டிக் கிடக்கும்.

காரணம் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு போகிறது. நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடேறி ஓடினால் அத்தனையும் வெளியேறிவிடும். பேருந்து நிலையத்திலிருந்து கோயில், அங்கிருந்து செங்கம் சாலை என்று சின்னச் சின்ன ஓட்டமாகவே இருந்தால் குழாய்க்குள் ஆவி நீராகித் தங்கும். எரிபொருளின் கந்தகம் அதில் சேர்ந்து அமிலமாகும். எஞ்சினை ஒட்டிய மேனிபோல்டு ஸ்டட்களுக்கு வேறு சோதனை. அவற்றின் காப்புப் பூச்சான துத்தநாகம் 420 டிகிரி செல்சியசில் உருகும். மேனிபோல்டின் சூடு அதையும் தாண்டக்கூடியது. காப்புப் பூச்சு போன இரும்பின்மேல் ஐப்பசி மழைநீர் தெறித்தால் என்ன ஆகும்?

துரு மேலே படியும் அழுக்கு அல்ல. இரும்பே ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து வேறு பொருளாகிறது. அப்பொருள், தான் தின்ற இரும்பைவிடக் குறைந்தது இருமடங்கு இடம் கேட்கும். மரைகளுக்கு நடுவே இருப்பதோ மயிரிழை இடைவெளி. அதற்குள் வீங்கும் துரு ஆப்பு அடித்தது மாதிரி இறுகிவிடுகிறது. காரைக்குடி சிக்ரி ஆய்வகம் மண்டபம் கடலோரத்தில் உலோகத் துண்டுகளை வெயிலிலும் உப்பிலும் வைத்துக் கவனிப்பதும், நாட்டின் எந்தப் பகுதியில் அரிப்பு எவ்வளவு என்று வரைபடம் போட்டதும் இந்த மாற்றத்தின் வேகத்தை அளக்கத்தான். கடலோரத்திலிருந்து வாங்கி வந்த பழைய வண்டி என்றால் நிலைமை இன்னும் மோசம்.

நல்ல போல்ட்டிலேயே நாம் தரும் திருகுவிசையில் சுமார் 90 விழுக்காடு உராய்வுக்கே போய்விடும். துருவேறினால் உராய்வு பன்மடங்காகும், தண்டோ மெலிந்திருக்கும். முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 10 மில்லிமீட்டர் தண்டு 8 ஆகத் தேய்ந்தால் வலு கிட்டத்தட்ட பாதி. அதனால்தான் ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டித் தொங்குகிறவர் கையோடு பாதி ஸ்டட் வந்துவிடுகிறது. அந்த அவசரம் வேண்டவே வேண்டாம்.

முதலில் கம்பி பிரஷ்ஷால் மரை தெரியும்வரை தேய்த்து, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். மெல்லிய எண்ணெய் நுண்துளை ஏற்றத்தால் தானே உள்ளே நகரும். ஸ்பேனர் சரியான அளவுதானா என்றும் பாருங்கள். பழைய அம்பாசிடரில் அங்குல அளவு நட்டுகள் வரும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், 13-ஆம் எண் ஸ்பேனரைப் போட்டால் முனைகள் மழுங்கி, பிடிக்க இடமே இல்லாமல் போகும்.

அதற்கும் மசியாவிட்டால் நெருப்பு. நட்டை மட்டும் கேஸ் வெல்டிங் சுடரால் வேகமாகச் சூடாக்க வேண்டும். 500 டிகிரி கூடினால் 10 மில்லிமீட்டர் துளை சுமார் 0.06 மில்லிமீட்டர் விரியும். ஸ்டட் அந்த வேகத்தில் சூடாகாது என்பதால் நடுவிலுள்ள துரு நொறுங்குகிறது. செஞ்சூடு தணிந்ததும் மெழுகுவர்த்தியை மரையில் தொடுங்கள். உருகிய மெழுகு உள்ளே இழுபடும். பிறகு முதலில் கொஞ்சம் இறுக்கி, அப்புறம் தளர்த்தி, முன்னும் பின்னுமாக நகர்த்த வேண்டும். எண்ணெயைத் துடைக்காமல் சுடரை நீட்டக் கூடாது. பெட்ரோல் குழாய் எங்கே போகிறது என்று முன்பே பார்க்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தைச் சூடாக்கவே கூடாது; பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உருவாகும்.

உடைந்தேவிட்டால், மிஞ்சிய முனையில் புது நட்டை வைத்து வெல்டு செய்து திருகலாம். வெல்டிங் சூடே துருவின் பிடியைத் தளர்த்தும். அலுமினிய ஹெட் என்றால் துளைபோடும் வேலையை லேத் பட்டறைக்கே விட்டுவிடுங்கள். டிரில் கொஞ்சம் விலகினாலும் மெத்தென்ற அலுமினியத்தைத்தான் தின்னும்.

‘சத்தம்தானே, ஓடட்டும்’ என்று ஒழுகும் இணைப்போடு வண்டியை விடுவது எனக்கு ஏற்பில்லை. அங்கே கசிவது கார்பன் மோனாக்சைடு. அது ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். நிறமோ வாசனையோ கிடையாது. பவுர்ணமி நெரிசலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டி நகராமல் நிற்கும்போது அது தரைத் துளை வழியாக உள்ளே வந்தால் யாருக்கும் தெரியாது.

மீண்டும் பூட்டும்போது மேனிபோல்டில் இரும்பு நட்டுக்குப் பதில் பித்தளை நட்டு கேளுங்கள்; பித்தளை துருப்பிடிக்காது. மரையில் அதிகச் சூடு தாங்கும் செம்புப் பசையைக் கொஞ்சமாகத் தடவி, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பசை உராய்வைக் குறைப்பதால், பழைய கைப்பழக்கத்தில் இறுக்கினால் அளவு மீறிவிடும். புது கேஸ்கட் சூட்டில் அமுங்கும். சில நாள் ஓடியபின், வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.