ஐந்நூற்று ஓராவது யூனிட்

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் இபி பில் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. கத்திரி வெயில் முடிந்து வரும் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, “கொஞ்சம்தானே கூட ஓடியிருக்கு, பணம் மட்டும் ஏன் இப்படி ஏறுது?” என்று கேட்கும் பல்லாவரத்து வீடுகள் பலவற்றுக்கும் பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

எட்டு ஆண்டுகள் மாறாமல் இருந்த கட்டணம் 2022 செப்டம்பர் 10 அன்று உயர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் இன்னொரு 4.83 சதவீதம் கூடியது. 2025 ஜூலை உயர்வில் வீட்டு இணைப்புகளின் பங்கை அரசே ஏற்றுக்கொண்டது. இங்கே நான் போடும் கணக்கெல்லாம் 2024 ஜூலை கட்டணத்தின்படி. 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், அதற்கடுத்த 200 யூனிட் 4.70, கடைசி 100 யூனிட் 6.30. ஐந்நூறைத் தாண்டியதும் அந்த 2.35 ரூபாய்ச் சலுகை பறிபோகிறது. 101 முதல் 400 வரை எல்லாமே 4.70 ஆகிவிடும். மேலே ஓடும் யூனிட்டுக்கு 8.40 ரூபாயில் தொடங்கி 11.55 வரை போகும்.

அதனால்தான் ரீடிங் எடுக்கும் தேதியை நாம் கவனித்தாக வேண்டும். ஒரு நாளைக்கு 8 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். அறுபதாம் நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், 1,679 ரூபாய். ஐந்து நாள் தள்ளி எடுத்தால் 520 யூனிட், 2,208 ரூபாய். வீட்டில் யாரும் ஒரு விளக்கைக்கூட வீணாக எரியவிடவில்லை. ஐந்து நாள் தாமதத்தில் பில் 529 ரூபாய் கூடிவிடுகிறது.

மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மீட்டர் பெட்டியைத் திறந்து ஒரு நிமிடம் நின்று பாருங்கள். டிஜிட்டல் மீட்டரின் திரையில் தேதி, நேரம், வேறு சில எண்கள் என்று மாறி மாறி ஓடும். அவற்றில் கிலோவாட் மணி என்பதற்கான ஆங்கிலக் குறியோடு வரும் எண்தான் நம் ரீடிங். சென்ற முறை கார்டில் எழுதியதை அதிலிருந்து கழித்தால் இதுவரை ஓடிய யூனிட் தெரியும். ஐம்பதாம் நாளில் ஒரு முறை, அறுபதாம் நாளில் ஒரு முறை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். கணக்கீட்டாளர் தாமதமாக வந்தால், அறுபது நாளுக்குரிய விகிதத்தில் கணக்கிடும்படி அந்தப் படத்தோடு மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டது கோப்பில் ஏறாது. நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

சிக்கனத்திலும் இதே 500 யூனிட் கோடுதான் குறி. பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். தினம் 12 மணி நேரம் ஓடும் இரண்டு விசிறிகளை மாற்றினால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 65 யூனிட் மிச்சம். 540 யூனிட் ஓடிய வீடு 475-க்கு இறங்கும், பில் 2,376 ரூபாயிலிருந்து 1,647 ரூபாய் 50 காசுக்கு வரும். ஏசியை 24 டிகிரியில் வையுங்கள். சொந்த மொட்டை மாடி உள்ளவர்களுக்கு, 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூரிய மின் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு.

வாடகைக்கு இருப்பவர்களின் கதை வேறு. எனக்கு அதிகம் மனம் பொறுக்காதது இதுதான். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் தெருக்களில் ஒரே இணைப்பை நாலு போர்ஷனுக்குப் பிரித்து, சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று வாங்கும் வீடுகள் உண்டு. 8 ரூபாய் வீதம் 200 யூனிட்டுக்கு 1,600 ரூபாய். அதே குடும்பத்துக்குத் தனி இணைப்பு இருந்தால் கட்ட வேண்டியது 235 ரூபாய். நாலு குடும்பத்தின் யூனிட்டும் ஒரே மீட்டரில் சேர்ந்து மேல் அடுக்குக்குப் போவதால் வீட்டுக்காரருக்கும் பில் ஏறத்தான் செய்கிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தீர்வு தனி இணைப்பு, குடியிருப்பவரின் சம்பளம் அல்ல. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, உரிமையாளரோடு குடியிருப்பவருக்கும் மின் இணைப்பு கேட்கும் உரிமை தருகிறது. வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் தர மறுத்தால், முறைப்படி குடியிருப்பதற்கான சான்றும் இழப்பீட்டு உறுதிப் பத்திரமும் கொடுத்து விண்ணப்பிக்கத் தமிழ்நாட்டு விதிகளில் வழி இருக்கிறது. வாடகைத் தகராறில் ஃப்யூசைப் பிடுங்குவது சட்ட விரோதம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் முறையிட்டு மின்சாரத்தைத் திரும்பப் பெறலாம்.

லிஃப்ட் இல்லாத, பத்து வீடுகளுக்கு மிகாத, மூன்று மாடிக்குள் அடங்கும் அடுக்ககங்களுக்கு, மோட்டார், மாடிப்படி விளக்கு போன்ற பொதுப் பயன்பாட்டுக் கட்டணம் யூனிட்டுக்கு 8 ரூபாய் அளவிலிருந்து 5.50 ஆகக் குறைக்கப்படும் என்று 2023 அக்டோபரில் அறிவித்தார்கள். உங்கள் அடுக்ககம் அந்தப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று சங்கத்தில் கேளுங்கள்.

பில் தவறு என்று தோன்றினால் பயந்து முழுவதையும் கட்டிவிடவும் வேண்டாம், கோபத்தில் கட்டாமல் விடவும் வேண்டாம். மின்சாரச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு இரண்டுக்கும் நடுவே வழி வைத்திருக்கிறது. கேட்கும் தொகை, முந்தைய ஆறு மாதச் சராசரி, இவற்றில் எது குறைவோ அதை ‘ஆட்சேபத்துடன்’ என்று எழுதிக் கட்டினால் தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்க முடியாது. பாக்கிக்காகத் துண்டிப்பதாக இருந்தாலும் 15 நாள் எழுத்து மூல அறிவிப்பு கட்டாயம்.

ஆகவே, “இன்றிரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த நம்பரை அழைக்கவும்” என்று செல்போனுக்கு வரும் செய்தி மோசடி. அழைத்தால் ஒரு செயலியை ஏற்றச் சொல்வார்கள், வங்கிக் கணக்கு காலியாகும். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள்.

பில் பற்றிய முறையீட்டை மின்வாரியத்தின் ‘மின்னகம்’ சேவை மைய எண்ணான 9498794987-இல் தொடங்கி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் மின் பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கு மனு. வக்கீல் தேவையில்லை, ரீடிங் படங்களும் கார்டும் முத்திரையிட்ட நகலும் போதும். அங்கேயும் நியாயம் கிடைக்கவில்லை என்றால் மின்குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் அலுவலகம் கிண்டி தொழிற்பேட்டையில், சிட்கோ கட்டடத்தில் இருக்கிறது. பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலில் ஐந்தாவது ஸ்டேஷன்.